சவுக்குக்கட்டைக்கு நடுக்கூடத்தில் ஓர் இலை

காஞ்சிபுரத்தில் இன்னும் விழாமல் நிற்கிற பழைய வீடு எதையாவது காட்டுங்கள். அதன் அடியில் சவுக்குக்கட்டை என்கிறவர் நட்ட கட்டை ஒன்று நிற்கும். கோபுரங்களைத் தவிர இந்த ஊரில் அந்த மனிதர் முட்டுக் கொடுக்காதது எதுவும் இல்லை. விட்டிருந்தால் கோபுரத்துக்கும் கொடுத்திருப்பார்.

அவருக்கு மாதா கோயிலில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவருடைய சாவு போஸ்டரில்தான் அதை முதன்முதலாகப் படித்தேன். ஊருக்கு அவர் சவுக்குக்கட்டை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சென்ட்ரிங் கட்டைகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். புதிதாகக் கான்கிரீட் போடுகிற இடங்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் கட்டை போகும். பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புகிற ஒவ்வொருவனும் அவருக்கு வாடிக்கை. அந்தச் சம்பாத்தியத்தை வைத்துக்கொண்டு, இடிக்காத வீடுகளுக்கு ஓசியில் முட்டுக் கொடுத்தார். இவ்வளவு உருப்படாத வியாபாரி இந்த ஜில்லாவில் வேறு யாரும் பிறக்கவில்லை.

யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அவராகவே வருவார். தெருவில் நடக்கும்போது எதிரே பார்க்க மாட்டார். அண்ணாந்து, வீடுகளின் ஓடுகளையும் உத்தரத்தையும் பார்த்துக்கொண்டே நடப்பார். மாட்டின் மேல் முட்டுவார். வண்டியின் மேல் முட்டுவார். ஒருநாள் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பாவுக்குள்ளேயே நடந்துவிட்டார். பட்டு இழைகள் பட்பட்டென்று அறுந்தன. நெசவாளிகள் நாலுபேர் சேர்ந்து அவர் சட்டையைப் பிடித்தார்கள். தொங்கிக்கொண்டே அவர் சொன்னது இது:

“உன் பாவு அறுந்தா முடி போட்டுக்கலாம்பா. அதோ, மேல பாரு. உன் ஊட்டு உத்தரம் அறுந்தா எதுல முடி போடுவ?”

அடித்தார்கள். நன்றாகவே அடித்தார்கள். மறுநாள் அதே வீட்டுக்குத் தோளில் கட்டையோடு போய் நின்றார்.

கணக்கு எப்போதும் சரியாக வரும் ஆளும் இல்லை. ஒரு வீட்டில் நல்ல உத்தரத்தைச் சந்தேகப்பட்டு, கட்டையை நட்டு, அடியில் ஆப்பை வைத்து அடிஅடியென்று அடித்தார். கூரை மேலே எழும்பி, ஓடு ஒன்று நழுவி, பெண் பார்க்க வந்திருந்தவர்களின் சாம்பாரில் நேராக விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா முகமெல்லாம் பருப்பு. சம்பந்தம் அங்கேயே முறிந்தது. “ஓடு வுழுந்துச்சு, சரி. ஊடு வுழுந்துச்சா?” என்று கேட்டுவிட்டு இவர் வெளியே வந்தார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரே கேள்வி கேட்பார். “இங்க பாத்திரம் யாரு தேய்க்கிறது?” பதில் வந்ததும் நேரே பின்கட்டுக்குப் போய், பாத்திரம் தேய்க்கிற இடத்துத் தாழ்வாரத்துக்குத்தான் முதல் கட்டையை நடுவார். முன்கூடம் வாயைப் பிளந்து தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார். ஒருவரிடம் வாஸ்து என்பார். இன்னொருவரிடம் அந்தப் பக்கம் மண் இளக்கம் என்பார். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு, வேலைக்காரிகள் பின்னால் அலைகிற ஆள் என்று எங்கள் தெருவே முடிவு கட்டிவிட்டது. ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் அவர் வந்தால் கதவைச் சாத்தினார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

பெரிய வீடு. முன்கூடம், நடுக்கூடம், முற்றம், பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த சந்தில் முடியும். என் அப்பாவும் பெரியப்பாவும் அதைப் பாகம் பிரித்தார்கள். எப்படி? முற்றத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பி. அன்றிலிருந்து காலை வெயில் அவர்களுக்கு, சாயங்கால வெயில் எங்களுக்கு. மழைத் தண்ணீர் யார் பக்கம் அதிகம் விழுகிறது என்று சண்டை. பானை, பலகை, தறி, சாமி படம் எல்லாவற்றையும் பிரித்தார்கள். நடுக்கூடத்துத் தூண் ஒன்று சரியாகக் கோட்டின் மேல் வந்தது. அதைச் சுவருக்குள் வைத்தே பூசினார்கள், உயிரோடு சமாதி கட்டுகிற மாதிரி. தரையைச் சாண் சாணாக அளந்தவர்களில் ஒருவருக்கும் தலையைத் தூக்கி மேலே பார்க்கத் தோன்றவில்லை. நடுக்கூடத்தை இரண்டு பக்கமும் சேர்த்துத் தாங்கியது ஒரே உத்தரம்.

அப்பா செத்துப்போனார். பெரியப்பா தன் பாதியைச் சென்னைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு வேறு இடத்துக்குப் போனார். அடுக்குமாடி வரப்போகிறது என்றார்கள். வந்த இன்ஜினியர் ரொம்ப நேர்மையானவர். டேப் வைத்து அளந்தார். எங்கள் பாதியில் நூல் அளவுகூடக் கை வைக்கவில்லை. உத்தரத்தை மட்டும் சுவர்க் கோட்டோடு மெஷின் ரம்பத்தால் அறுத்துக்கொண்டார்.

நான் அப்போது தறியில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவை ஒன்றை நெய்துகொண்டிருந்தேன். ரம்பத்தின் சத்தம் நின்றது. மேலே வீடு பெருமூச்சு விட்டது. நெய்த பட்டின் மேல் எல்லாம் மண். அப்புறம் இளநீர் வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம். என் தலைக்கு மேல் உத்தரம் கீறிக்கொண்டது.

அடுத்த கட்டடத்துக்குக் கட்டை இறக்க வந்திருந்த சவுக்குக்கட்டை, இன்ஜினியருக்கென்று கொண்டுவந்த கட்டைகளையே தூக்கிக்கொண்டு, சந்து வழியாக எங்கள் பின்கட்டில் நுழைந்தார்.

“இங்க பாத்திரம் யாரு தேய்க்கிறது?”

“வீடு வுழுதுண்ணா, இப்ப இது ஒரு கேள்வியா?” என்று கத்தினேன். “நாந்தான் தேய்க்கிறேன். வேல செய்ய ஆளு வெக்க எங்ககிட்ட என்ன இருக்குது?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முதல் கட்டையைப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் நட்டார். அப்புறம்தான் ஓடிவந்து நடுக்கூடத்துக்கு நட்டார். அதில் ஒன்றை நேராக என் தறிக்குழிக்குள் இறக்கினார்.

“அங்க நா கால் வெக்கணும்ணா!”

“தல இருந்தாத்தான் பாப்பா கால்.”

எனக்குத் தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

சாயங்காலத்துக்குள் எங்கள் நடுக்கூடம் தோப்பாகிவிட்டது. அம்மா கட்டைக்குக் கட்டை கொடி கட்டித் துணி உலர்த்தினாள். தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வளைந்து வளைந்து நடக்கப் பழகினோம். வெட்டவெளியில்கூட நான் இப்போதும் பாம்பு மாதிரி நடப்பதாகச் சொல்கிறார்கள்.

என் அம்மாவைப் பற்றி மறைத்து எழுதப் போவதில்லை. பின்கட்டுச் சுவரோரம் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு அது. வீட்டைக் காப்பாற்றிய மனிதருக்கு அதில்தான் காப்பி வந்தது. அவர் கொல்லையில் நின்று குடித்தார். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம் சொன்னார்:

“முதலியாரம்மா, இந்த உத்தரம் வந்தப்போ பாலாத்து மணல்ல வண்டி சிக்கிக்கிச்சாம். எங்க தாத்தாவும் எங்க ஆளுங்களும் தோள்ல தூக்கினு வந்தாங்க. மேல ஏத்துற வரிக்கும் முன்வாசல் தொறந்து இருந்துச்சாம். ஏத்தி முடிச்சதும் பின்வழியா அனுப்பிட்டாங்க. கொல்லையில எல போட்டாங்க.”

“அதுக்கு இப்போ என்னாபா?”

“வேற உத்தரம் நா கொண்ணாரேன். கட்டைக்கு வாடக வாணாம். ஏத்துற அன்னிக்கு முன்வாசல் வழியா வருவேன். நடுக்கூடத்துல எனக்கு ஒரு எல போடணும். அவ்ளோதான்.”

அம்மா யோசிக்கவே இல்லை. “ஊடு வுழுட்டும்” என்றாள்.

“வுழுட்டும்” என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஆப்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்து நின்றார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். கீறிப்போன உத்தரம் தினமும் கொஞ்சம் இறங்கும், அவர் தினமும் கொஞ்சம் அடித்து ஏற்றுவார். ஏற்றிக்கொண்டே இரண்டு பேரும் பேரம் பேசுவார்கள், பட்டுக்கடையில் பேசுகிற மாதிரி.

“பின்கட்டுத் தாவாரத்துல போடுறேன்.”

“நடுக்கூடம்.”

“சரி, முத்தத்துல போடுறேன். அதுவும் உள்ளதான?”

“மழ பேஞ்சா ரசம் தண்ணியாப் போயிடும் முதலியாரம்மா. நடுக்கூடம்.”

நான் அம்மாவிடம் கத்துவேன். “ஒரு எல. அதுக்காக நாம ரெண்டு பேரும் நசுங்கிச் சாவணுமா?”

“உங்கப்பா இருந்தா இப்பிடிப் பேசுவியாடி?”

“அப்பா இருந்தா அவரும் நசுங்கித்தான் செத்திருப்பாரு.”

அந்தச் சமயத்தில்தான் பழைய வீடுகளைப் பார்க்கிறோம் என்று சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. தோளில் கேமரா, தலையில் தொப்பி. தமிழ்நாட்டு மாளிகைக் கட்டடக்கலையை மீட்டெடுக்கப் போகிறார்களாம். மீட்கட்டும் என்று உள்ளே விட்டேன். கட்டைகளைப் பார்த்து ஒரு பெண் இது என்னவென்று கேட்டாள். ஆப்பு அடித்துக்கொண்டிருந்த சவுக்குக்கட்டை கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்:

“இது ராசா காலத்து ஏற்பாடும்மா. காத்து உள்ள வந்தா நேரா ஓடிடும். இப்பிடி நட்டு வெச்சா சுத்திச் சுத்தி வரும். சில்லுனு இருக்கும்.”

அத்தனை பேரும் படம் எடுத்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக் காற்றை அனுபவித்தார். போகும்போது ஒருவர் எங்கள் முன்கதவைத் தடவிப் பார்த்து, விற்பீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

“கதவக் குட்த்துட்டுக் கோணி மாட்டிக்கினு படுக்கறதா?” என்றாள் அம்மா.

இதுதான் இவர்கள் மீட்கிற லட்சணம். இங்கே வீட்டை உரித்து, தூணையும் கதவையும் கொண்டுபோய்க் கடற்கரைச் சாலையில் விடுதி கட்டுவார்கள். அதற்குப் பாரம்பரிய மாளிகை என்று போர்டு மாட்டுவார்கள். உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கோழியை உரித்துவிட்டு இறக்கையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற வேலை.

சவுக்குக்கட்டைக்கு உத்தரம் கிடைத்ததும் அப்படி ஒரு உரிப்பில்தான். வாலாஜாபாத்தில் அரிசி மில்காரர் ஒருவரின் பழைய வீட்டை இடித்தார்கள். நல்ல தேக்கு உத்தரம் ஒன்று, எங்கள் கூடத்துக்கு அளவு எடுத்த மாதிரி. மில்காரரிடம் பேசி, அதற்குப் பதிலாகக் கட்டைகளைக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டு இவர் லாரி தேடிப் போனார். திரும்பி வந்தால், ஏதோ விடுதிக்காரனின் லாரியில் உத்தரம் ஏறியிருந்தது. மில்காரர் இரண்டு பேரிடமும் தலையாட்டியிருக்கிறார்.

இவர் லாரியில் ஏறினார். குதிரை மேல் உட்காருவது போல உத்தரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“எறங்குயா கெழவா!” என்றான் டிரைவர்.

“உத்தரம் எறங்குனா நானும் எறங்குறேன்.”

டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். பயமுறுத்தத்தான் எடுத்தானாம். முதல் பள்ளத்திலேயே இவர் கீழே விழுந்தார். முழங்கால் உடைந்தது. கூட்டம் கூடியது. ரோட்டில் மல்லாந்து கிடந்தபடி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே இவர் டிரைவரிடம் பேரத்தை ஆரம்பித்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு வரும். போலீசு வந்தா வண்டி ஸ்டேஷன்ல நிக்கும். யோசன பண்ணிக்கோ. மொதல்ல காஞ்சிவரம் போயி அத எறக்கு. அப்புறமா ஆஸ்பத்திரி போவலாம்.”

அப்படியே நடந்தது. எங்கள் வாசலில் லாரி வந்து நின்றது. மேலே உத்தரம். அதன் பக்கத்தில் இவர், காலைக் கோணியில் சுற்றிக்கொண்டு.

“எடுத்துக்கினு வந்துட்டேன் முதலியாரம்மா” என்றார். அப்புறம்தான் மயக்கம் போட்டார்.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. உடைந்த கால் கூடி, அவர் கோலூன்றி எழுந்து நடக்கிறவரைக்கும் அந்த உத்தரம் எங்கள் வாசலோரத்திலேயே கிடந்தது. போகிறவன் வருகிறவனெல்லாம் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்தான்.

ஏற்றுவதற்கு நாள் குறித்தோம். அன்று விடிந்ததும் அம்மா முன்வாசலைக் கழுவிக் கோலம் போட்டாள். எழுந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“அந்தாளை முன்பக்கமா வரச் சொல்லு. உத்தரம் நீட்டமா இருக்குது. பின்சந்துல திரும்பாது.”

உத்தரம் திரும்பாது, சரி. ஆள் திரும்ப மாட்டாரா? கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய ஒரே சந்தர்ப்பம்.

கோலூன்றிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக வந்தார். பழையதை இறக்கி, புதியதைச் சங்கிலி போட்டு ஏற்றி, சுவரில் பதிக்கிறவரைக்கும் எல்லோரையும் திட்டிக்கொண்டே இருந்தார். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார்கள். வீடு அசையவில்லை.

நடுக்கூடத்தில் வரிசையாக இலை விழுந்தது. பெரியப்பாவும் சாப்பிட வந்திருந்தார். தன் பாதியை விற்றவருக்கு எங்கள் பாதியில் வெட்கமில்லாமல் பசித்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். சவுக்குக்கட்டை தன் இலைக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

முழங்கால் மடங்கவில்லை.

கோலைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். சுவரைப் பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. இந்தத் தரைக்காக எவ்வளவு சண்டை, எவ்வளவு பேரம். தரை கிடைத்தது, உட்காரக் கால் இல்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அந்த இலைக்கு எதிரே தடாலென்று போட்டாள். இலையை எடுத்து நான் நூல் சுற்றுகிற முக்காலியின் மேல் வைத்தாள்.

“உக்காருபா. சோறு ஆறுது.”

உட்கார்ந்தார். கூடத்தில் அவர் ஒருவர்தான் உயரத்தில் இருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் தலை அவர் முழங்காலுக்கு வந்தது. முதல் கவளத்தைப் போட்டுக்கொண்டு, கீழே குனிந்து கேட்டார்:

“என்னா முதலியாரே, கீழ சாம்பார் ஒழுங்கா வருதா?”

பெரியப்பாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

அம்மா மாறிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டுவந்தது அந்த அலுமினிய டம்ளரில். நான் சண்டைக்கு எழுந்தேன். அவர் கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னார். வாங்கினார். ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தார். குடித்தார்.

கட்டைகளை வண்டியில் ஏற்றினார்கள். பின்கட்டுத் தாழ்வாரத்துக் கட்டையை மட்டும் அவர் எடுக்க விடவில்லை. “இங்கதான் ஒண்ணும் கெடயாதேண்ணா, நல்லாத்தான இருக்குது?” என்றேன்.

“இருக்கட்டும் பாப்பா” என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு அடைத்துச் செத்துப்போனார். போஸ்டர் பார்த்துவிட்டு ஓடினேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. தகரக் கூரை, அதுவும் ஒழுகியது. அவருக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவருடைய மனைவி பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எந்த வீட்டிலிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“நாற்காலி ஊடா?” என்றார். அழுதுகொண்டே லேசாகச் சிரித்தார். அப்புறம் அவரே சொன்னார்:

“அவுங்க அக்கா ஒருத்தங்க இருந்தாங்கம்மா. ஒரு பெரிய ஊட்டுல பாத்திரம் தேய்ச்சிக்கினு இருந்தாங்க. மழைல கொல்லத் தாவாரம் அப்பிடியே உக்காந்துடுச்சு. முன்னாடி கூடம் ஒண்ணும் ஆவல. ஊட்டுக்காரங்க எல்லாம் அங்கதான் இருந்தாங்க. அடக்கம் முடிஞ்ச மறுநாளே, வேற ஆளு அனுப்புறீங்களான்னு கேட்டு வுட்டாங்க. அப்போ இவுரு சின்னப் புள்ள. அதுலேர்ந்து எந்த ஊட்டுக்குப் போனாலும் அதத்தான் கேப்பாரு.”

வேலைக்காரிகள் பின்னால் அலைகிறவர் என்று சிரித்த எங்கள் தெரு ஆண்களில் ஒருவனும் சாவுக்கு வரவில்லை. அவர்கள் வீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. அவர் நட்ட கட்டைகளின் மேல்தான் நிற்கின்றன. மரபு, கலை என்று அந்த வீடுகளைப் பற்றி யார் பேச வந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கு அந்த வீடுகள் மேல் ஆசையே கிடையாது. அவை யார் தலையிலும் விழக் கூடாது, அவ்வளவுதான். அதனால்தான் அவை தப்பித்தன.

பக்கத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. எங்களுக்குச் சாயங்கால வெயிலும் போய்விட்டது. பாத்திரம் இன்னும் நான்தான் தேய்க்கிறேன். அந்த அலுமினிய டம்ளரையும் மற்றவற்றோடு சேர்த்துத் தேய்த்து, சமையலறை அலமாரியில் கவிழ்க்கிறேன். அம்மா பார்க்கிறாள். அதை எடுத்துப் போய்ப் பழைய இடத்தில் வைப்பதில்லை.

எனக்கும் இப்போது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. தேய்த்து முடித்து எழுந்திருக்கும்போது, ஈரக் கையோடு அந்தக் கட்டையைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.